இயல்பறிந்து வளர்த்தல்

நாய் நன்றி மறவாத விலங்கு என்பது உலகறிந்த உண்மை. யானை போன்றாரின் நட்பை விடுத்து, நாய் போன்றாரின் நட்பைக் கொள்க என்பது நாலடியார் கூறும் அறிவுரை. ஆயினும், நன்றியுணர்வு பொதுவாக அமைந்திருப்பினும், எல்லா நாய்களும் ஓரியல்பின அல்ல. மனிதன் பல தலைமுறைகளாகத் தன் தேவைக்கேற்பத் தேர்ந்து பெருக்கியமையால், இனந்தோறும் இயல்பு வேறுபடுகின்றது. இதனை உணராது, உருவ அழகு ஒன்றையே கண்டு நாயை வாங்குவோர் பலர். அவர்தம் பிழையால் துன்புறுவதோ வாயில்லா உயிர்.

லாப்ரடார் என்னும் இனத்தின் முன்னோர், நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்க்குத் துணையாய் இருந்தவை. பின்னர் அவை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, வேடர் சுட்டு வீழ்த்திய பறவைகளை எடுத்து வரும் பணியில் பழக்கப்பட்டன. தலைவன் அருகில் அமைதியாய் இருத்தல், ஏவியபின் செல்லுதல், பறவையைச் சிதைக்காது மெல்லக் கவ்விக் கொணர்தல் ஆகியவையே அப்பணிக்கு வேண்டிய பண்புகள். எனவே, மனிதனின் முகக்குறிப்பை நோக்கி நிற்பது இவ்வினத்திற்கு இயற்கையாயிற்று. இன்று அது வீட்டுத் துணையாய் விளங்குவதற்கும் இதுவே காரணம்.

சிப்பிப்பாறை நாயோ இதனின் வேறுபட்டது. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய இந்நாய், முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்டது. நீண்ட முகமும், ஆழ்ந்த மார்பும், ஒடுங்கிய வயிறும், நெடிய கால்களும் விரைந்தோடுவதற்கென்றே அமைந்தவை. இது இரையைக் கண்ணாற் கண்டு துரத்தும். புதரிலிருந்து பாய்ந்த முயல் நொடிக்கு நொடி திசைமாறி ஓடுங்கால், தலைவனின் ஆணைக்குக் காத்திருக்கும் நாய் இரையை இழக்கும். ஆதலின், தானே கண்டு, தானே துணிந்து, தானே செயலாற்றும் பண்பு அதன் குருதியில் ஊறியது.

அத்தகைய நாய், ஓடும் பூனையைக் கண்டு துரத்துங்கால், அழைத்த குரலுக்குத் திரும்பாமற் போகலாம். அதனை அறிவற்றது என்றும் அடங்காதது என்றும் பழித்தல் அறமன்று. மனிதன் விரும்பி வளர்த்த பண்பையே பின்னர்க் குற்றமெனக் கூறுதல் முறையாகுமோ?

இவ்விரண்டனுள் எதனைத் தேர்வது? சிறு குழந்தைகளும் முதியோரும் உள்ள நகரத்து இல்லத்திற்கு, ஏவல் நோக்கி நிற்கும் துணைநாயே பொருந்தும். எனினும், அதற்கும் நாள்தோறும் நடையும் பயிற்சியும் வேண்டும். லாப்ரடாரின் அடர்ந்த இருமடி மயிர் நம் நாட்டுக் கோடைக்கு ஏற்றதன்று; உணவு வேட்கை மிக்க அந்நாய் எளிதிற் பருத்து நோயுறும். நிழலும் அளவான உணவும் தர இயலாதவர் அதனையும் வளர்த்தல் தகாது. வேலியிட்ட பரந்த நிலமும், நாள்தோறும் ஓடவிடும் ஓய்வும், பொறுமையும் உடையோர் சிப்பிப்பாறையைத் தேரலாம்.

“நம் நாட்டு இனத்தை நாமே புறக்கணித்தல் தகுமோ?” என வினவுவாரும் உளர். தகாது, அவ்வினங்களைக் காத்தல் நம் கடனே. ஆயினும், நாட்டுப்பற்று என்னும் பெயரால் ஓடப் பிறந்த நாயை மாடியில் சங்கிலியாற் பிணித்து வைப்பது காத்தல் ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் அது முன்போல் முயல் வேட்டைக்குச் செல்லுதலும் இயலாது. வேட்டை நீங்கினும் வேகம் நீங்கவில்லை. அவ்வேகத்திற்கு இடமளிப்பவரே அதனைக் காப்பவர் ஆவர்.

நாயின் வாழ்நாள் பத்தாண்டுக்கு மேலும் நீளக்கூடும். ஆதலால், ‘எந்நாய் சிறந்தது?’ என வினவுதலினும், ‘எந்நாயின் இயல்பிற்கு என் இல்லம் இடந்தரும்?’ என வினவுதலே அறிவுடைமை. அவ்வினாவிற்கு நேர்மையான விடை கண்டபின் நாயைக் கொணர்வோர், பின்னாளில் அதனைத் தெருவில் விடும் கொடுமைக்கு ஆளாகார்.