வீட்டுக் கதவு வேறு, பணப்பெட்டி வேறு

தேர்தலில் நிற்பவருக்கு வாசற்கதவும் உண்டு, பணப்பெட்டியும் உண்டு. முன்னதை மூடிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. பின்னதை மூடிவைக்க உரிமை இல்லை. இவ்வேற்றுமையை உணராதார் இரு சாராராய் நின்று வாதாடுகின்றனர். மக்கள் முன் வந்தவருக்கு மறைவு ஏது, வீட்டு விலாசமும் வெளிவரட்டும் என்பர் ஒரு சாரார். மறு சாராரோ, உயிரச்சம் என்ற பெயரால் கணக்கையே திரைக்குப் பின் இழுக்கப் பார்க்கின்றனர். இரண்டையும் நாம் மறுக்கின்றோம்.

அச்சம் வெறுங்கற்பனை என்று எந்தத் தமிழன் சொல்லத் துணிவான்? 1989 யூலை 13இல் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொழும்பில் தாம் தங்கியிருந்த இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 1998 மே 17இல் யாழ்ப்பாண மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் தம் வீட்டில் வைத்தே சுடப்பட்டு மாண்டார். 2022 மே 9இல் தென்னிலங்கையிற் பாராளுமன்ற உறுப்பினர் பலரின் வீடுகள் எரிந்தன. விலாசத்தை மறைத்தாற் கொலைகாரன் கை ஓய்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. அவனுக்கு வழிகாட்டும் வேலையை அரசாங்கம் செய்ய வேண்டாம் என்றே கூறுகின்றோம்.

ஆனால், பணத்தின் கதை வேறு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம், பெறுபேறு வெளியாகி 21 நாட்களுள் கணக்குக் காட்டுமாறு அபேட்சகர்களைப் பணிக்கின்றது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என வரம்பு வகுக்கப்பட்டது. கூட்டிப் பாருங்கள், அபேட்சகர் ஒருவருக்கு 186 கோடி ரூபாவுக்கு மேல்! இத்துணைப் பெருந்தொகையைக் கொடுப்பவன் யார், கைம்மாறாக எதை எதிர்பார்க்கின்றான் என்று கேட்பது வாக்காளனின் கடமையன்றோ?

இரண்டையும் காப்பது அரிய காரியமன்று. அபேட்சகரும் நன்கொடையாளரும் தத்தம் முழு விலாசத்தைத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்கட்டும். பொய்ப் பெயரையும் விலக்கப்பட்ட பணத்தையும் கண்டுபிடிக்க அவருக்கு அது வேண்டும். மக்கள் பார்வைக்கு வருவது பெயர், தொகை, திகதி, தொழில், பிரதேசம் ஆகியவையாகட்டும். கம்பெனியாயின் அதன் பதிவு விலாசமும் வரட்டும். கம்பெனிக்கு உறங்கும் அறை கிடையாது. பிரித்தானியாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம், வாக்குச்சீட்டில் வீட்டு விலாசத்துக்குப் பதிலாக வீடு அமைந்த தொகுதியை மட்டும் குறிப்பிடப் பாராளுமன்ற அபேட்சகருக்கு இடமளித்தது. அங்கே கணக்கைப் பார்வையிடுவோருக்கு நன்கொடை கொடுத்த தனியாளின் பெயரும் தொகையும் தெரியும். வீட்டு விலாசம் தெரியாது. அதனால் அந்நாட்டின் ஜனநாயகம் குடிமுழுகிப் போகவில்லை.

கமக்காரன் தன் வளவுக்கு வேலி அடைக்கின்றான். எவரும் குறை சொல்வதில்லை. ஊர் வாய்க்காலுக்கு அவன் வேலி அடைத்தால் ஊரே திரண்டு கேட்கும். அபேட்சகரின் வீடு வளவு; அவருக்கு வந்த பணம் வாய்க்கால். வளவின் வேலியைக் காட்டி வாய்க்காலை மறிக்க வருபவரிடம் நம் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஐயா, நீர் அஞ்சுவது கொலைகாரனுக்கா, கணக்கனுக்கா?