கொலுப்படிக்குக் கீழே ஒரு விண்வெளித் தளம்

1977-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு சதுரங்கக் காட்சி வரும். வட்ட மேசையின் மேல் ஒளியுருவமாக நிற்கும் விநோத விலங்குகள் ஒன்றையொன்று தூக்கி அடிக்கும். இன்று பார்த்தால் அது கணினி வித்தை என்று தோன்றலாம். உண்மையில் அவை பொம்மைகள். ஃபில் டிப்பெட், ஜான் பெர்க் என்ற இரு கலைஞர்கள் கையால் செய்து, இம்மி இம்மியாக நகர்த்தி, பிரேம் பிரேமாகப் படம் பிடித்தவை. உலகத்துக்கே ஹோலோகிராம் ஆசையை ஊட்டிய காட்சி, பொம்மை செய்கிறவர்களின் கைவேலையில்தான் பிறந்தது.

மேசைமேல் குட்டிப் படைகளை நிறுத்தி விதிப்படி மோதவிடும் ஆட்டத்துக்கு எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 1987-ல் வந்த 'வார்ஹேமர் 40,000' அதை விண்வெளிக்குக் கொண்டுபோனது. 28 மில்லிமீட்டர் உயர வீரர்கள், இடிந்த கோபுரங்கள், எரிகல் பள்ளங்கள், கட்டுப்பாட்டு அறைகள். அந்த அறைக்குள் நீல நிறத்தில் மிதக்கும் ஒரு வரைபடத்தையோ தளபதியின் உருவத்தையோ நிறுத்துவதிலும் இன்று மேசைத் தளம் செய்யும் கலைஞர்களின் கவனம் இருக்கிறது.

இந்த ஆட்டங்களின் பெயர்பெற்ற செட்டுகள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. இந்தியாவில் பொம்மைகள் மீதான அடிப்படை இறக்குமதி வரியும் 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்துவிட்டது. வீரர்களை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் நிற்கும் மண்ணையும் ஏன் கப்பலில் வரவழைக்க வேண்டும்?

மிதக்கும் ஒளியுருவத்துக்கும் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடை ஒன்றே போதும். ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலட்டையாகப் போடும் கண்ணாடித்தாளை வாங்கி, ஒரு பக்கம் 6 செ.மீ., எதிர்ப்பக்கம் 1 செ.மீ., நடு உயரம் 3.5 செ.மீ. என்று நான்கு துண்டுகள் வெட்ட வேண்டும். செல்லோடேப்பால் ஒட்டினால், தலைகீழாக நிற்கும் சின்ன பிரமிடு கிடைக்கும். உடனடிப் பசை வேண்டாம். அதன் ஆவி பட்டால் தாள் வெள்ளையாகப் பூத்துவிடும். இந்த அளவுகளில் ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து நிற்கும். பிரமிடின் உயரமும் சுமார் 2.4 செ.மீ. ஆகிறது, அதாவது ஆட்ட வீரனைவிடக் கொஞ்சம் குட்டை. தெர்மாகோல் தளத்தில் குழி வெட்டி, செல்போனைத் திரை மேலே தெரியும்படி உள்ளே வைக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் நான்கு திசையிலும் ஓடும் படத்தின் நடுவில் பிரமிடின் குறுகிய வாயைப் பொருத்தி விளக்கை அணைத்தால், உருவம் அந்தரத்தில் நிற்கும்.

இன்னொரு வழி இதைவிட எளிது. போர்டு செய்யும் கடையில் கழித்துப்போட்ட அக்ரிலிக் துண்டு ஒன்றில் காம்பஸ் முனையால் வரைபடத்தைக் கீற வேண்டும். அடிவிளிம்பில் ஒரு நீல எல்.இ.டி. விளக்கும் 3 வோல்ட் பட்டன் செல்லும் போதும். ஒளி பலகைக்குள்ளேயே முழு அகப் பிரதிபலிப்பில் ஓடி, கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் வெளியே சிந்தும். பள்ளி மாணவி பாடப்புத்தகத்தில் படிக்கிற ஒளியியல், இங்கே அவள் விரல் நுனியில் எரிகிறது.

இவை எதுவும் அசல் ஹோலோகிராம் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். அசல், டென்னிஸ் காபர் 1947-ல் கண்டுபிடித்தது; அதற்காக அவர் 1971-ல் நோபல் பரிசு பெற்றார். பிரமிடு செய்வது லண்டனில் 1862-ல் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றிய கண்ணாடிப் பேய் உத்தி. 2022 ஜனவரியில் இந்தியா கேட் அருகே எழுந்த நேதாஜியின் 28 அடி ஒளியுருவமும் 30,000 லூமன்ஸ் புரொஜெக்டர் ஒளிபுகும் திரையில் காட்டிய படம்தான். ஆனாலும் நவராத்திரியில் கொலுப்படிக்குக் கீழே கேழ்வரகு முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக வைத்து வாத்து விடும் வீடுகளுக்கு கண்ணாடியால் கண்ணை ஏமாற்றும் இந்த வகைக் கற்பனை புதிதே அல்ல. சந்திரயான்-3 இறங்கிய 2023-ல் பல வீட்டுக் கொலுக்களில் நிலவும் ராக்கெட்டும் இடம்பிடித்தன.

கைத்திறனும் பக்கத்திலேயே இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். காகிதக்கூழ் எடை குறைவு, எந்த வளைவுக்கும் இசையும், உளி பட்டாலும் சிதறாது. வேற்றுக்கிரகத்துப் பாறைக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. பண்ருட்டி முதல் காஞ்சிபுரம் வரை நவராத்திரியை நம்பியே பொம்மை செய்யும் குடும்பங்களுக்கு, மற்ற மாதங்களிலும் வேலை தரக்கூடிய சந்தை இது. அந்தச் சந்தைக்கான அச்சும் அளவும் இன்னும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

போர் ஆட்டம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் தளத்தில் பீரங்கிதான் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. செவ்வாயில் தண்ணீர் தேடும் ஆட்டத்தையும், விபத்தில் சிக்கிய விண்கலத்தை மீட்கும் ஆட்டத்தையும் நம் பிள்ளைகளே எழுதலாம்.

லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. முருங்கப்பாக்கத்தில் கைவினைக் கிராமம் இருக்கிறது. புதுச்சேரி கல்வித்துறை இந்த இரண்டையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர வேண்டும். வரும் கோடை விடுமுறையிலேயே, கோரிமேடு சுற்றுவட்டார அரசுப் பள்ளி மாணவர்களை ஒரு வாரம் திருக்கனூர், வில்லியனூர் கலைஞர்களோடு உட்காரவைத்து முதல் பயிலரங்கை நடத்தலாம். கலைஞர்களுக்கு முறையான மதிப்பூதியம் கொடுத்து நடத்த வேண்டும்.