அந்த உரிமத்தைக் கேட்டிருக்க வேண்டியவர்

"மனநோய் டாக்டர் பார்க்கிற விஷயம். ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவருக்கு அதில் என்ன வேலை?" நகராட்சியிலோ சுகாதாரத் துறையிலோ நிர்வாகப் பணிக்குப் போகிற பிள்ளைகளிடம் படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். மனம் வேறு, ஃபைல் வேறு என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கைக்கு நாம் உயிர்ப்பலி கொடுத்திருக்கிறோம்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். நோய் தீரும் என்று அவர்களை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போன மூடநம்பிக்கைதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிரார்த்தனை யாரையும் எரிக்கவில்லை. எரிந்தது ஓலை, பிடித்து வைத்தது சங்கிலி. இப்படிப்பட்ட இடங்களை நடத்த உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொன்னது. 1993இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதன் பிறகு எட்டு வருஷம்! உரிமத்தைக் காட்டச் சொல்லி, இல்லையென்றால் இழுத்து மூடுவதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஓர் அலுவலர் அந்தக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து பார்த்திருந்தால் போதும்.

டாக்டர்கள் போதவில்லை என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோதே முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் இருந்தது. டாக்டர் இருக்கிற இடத்திலும், அவர் எழுதும் மாத்திரை மாதாமாதம் மருந்தகச் சன்னலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று யாராவது யோசித்தோமா? அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதிலுள்ள தொகையைப் பார்த்து, போன மாதச் செலவைப் பார்த்து, ஒருவர் இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல், போட வேண்டும். அவர் கணக்குத் தப்பினால் மனச்சிதைவு நோயாளி வெறுங்கையோடு பஸ் ஏறுவார். சர்க்கரை நோயாளி எப்படியாவது கடையில் வாங்கிக்கொள்வார். தனக்கு நோயே இல்லை என்று நம்புகிற மகனை அடுத்த மாதம் மறுபடி பஸ் ஏற்றுவது என்ன பாடு என்று அவன் அம்மாவைக் கேளுங்கள். விட்ட மாத்திரையோடு நோய் திரும்பி வருகிறது. அந்த இண்டெண்ட் வெறும் காகிதமா?

குணமானவர்களின் நிலை இன்னும் மோசம். குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சரி, அவர் எங்கே போவார்? முகவரி தேட வேண்டும், அடையாள அட்டை வாங்க வேண்டும், வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். ஊருக்குள் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்து, தண்ணீர் இணைப்பு கொடுத்து, அவர்களைக் குடியமர்த்த வேண்டும். இதில் எது டாக்டர் வேலை?

குடியமர்த்திய வாரமே தெருக்காரர்கள் கையெழுத்திட்ட மனு வரும்: பைத்தியங்களை இங்கே வைக்காதீர்கள், பெண்பிள்ளைகள் இருக்கிற தெரு என்று. கவுன்சிலரும் கூடவே வருவார். மனுவை வாங்கிவைத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். அல்லது தெருவுக்கே போய், உட்கார்ந்து, அந்த மனிதர்களுக்கும் அங்கே வாழச் சட்டப்படி உரிமை உண்டு என்று பேசலாம். இரண்டில் எது நடக்கும் என்பது நகராட்சி நாற்காலியில் இருப்பவர் கையில் இருக்கிறது. மனநோய் என்றால் என்னவென்று அறிந்த ஒருவரை அங்கே உட்காரவையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.