நீர்ச் சிலந்திப்பேனும் நெல் வயலும்

உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிப் பாசன வயல்களில் நீர் தெளிந்து நிற்குங் காலத்தில், கடுகினும் சிறிய செந்நிற உயிர்கள் நீருக்குள் ஓடித் திரிவதைக் காணலாம். இவற்றைப் பயிருக்குப் பகையெனக் கருதி விஷ மருந்து தெளிப்பது வீண் செலவு மட்டுமன்று, பெருந் தவறுமாகும்.

இவை நீர்ச் சிலந்திப்பேன்கள். மழைக்குப் பின் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சிக்கு உறவினம். உலகில் 6,000க்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. இந்திய வகைகளைக் குறித்து டேவிட் குக் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்.

குடியானவர் இனமறிவதற்கு வெள்ளைப் பீங்கான் தட்டும், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியும் போதும். வயல் நீரைத் தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். உடல் பிரிவின்றி உருண்டு, எட்டுக் கால்களுடன், உணர்கொம்பு இல்லாதிருப்பது நீர்ச் சிலந்திப்பேன். ஆறு கால்களும் உணர்கொம்பும் உடையது பூச்சி. இடை சுருங்கி உடல் இரு பகுதியாய்த் தோன்றுவது சிலந்தி. துள்ளித் துள்ளி நீந்துவது நீர்த்தெள்ளு. ஒரு விலக்கு உண்டு: சிலந்திப்பேனின் இளம் பருவத்திற்கு ஆறு கால்களே. அப்பருவத்தில் பல வகைகள் கொசு, தும்பி முதலியவற்றின் உடலில் சிறு மணிகள்போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு மேல் வகைப்பெயர் நிர்ணயிப்பது நிபுணர் வேலை. அவர்களுக்கு அனுப்புவோர் கிளிசரின் 5 பங்கு, நீர் 4 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த நீர்மத்தில் இட்டு அனுப்புதல் நலம். சாராயத்தில் இட்டால் உடல் விறைத்துவிடும்.

நெல்லைத் தாக்கும் சிலந்திப்பேன்கள் வேறு. ஒன்று இலையின் சாற்றை உறிஞ்சி வெளிறச் செய்யும். மற்றொன்று இலையுறைக்குள் மறைந்து வாழும். அவற்றைத் தேட வேண்டிய இடம் பயிரேயன்றி நீரன்று.

நீர்ச் சிலந்திப்பேன் பயிர்ச் சாற்றை உண்பதில்லை. நுண்ணிய நீர்வாழ் உயிர்களே அதன் இரை; சில வகைகள் கொசுவின் முட்டையையும் புழுவையும் தின்னும். நன்மை செய்யும் தும்பியையும் பற்றுவதால் அதை முழு நண்பன் என்று புகழ்வதற்கில்லை. ஆயினும் அதைக் கொல்வதற்குப் பணம் செலவிடக் காரணமே இல்லை.

பூச்சிமருந்துகளுள் பைரீத்ராய்டு இனத்தவை மீனுக்குக் கொடிய நஞ்சாகும். ஒருவர் வயலின் வடிநீர் அடுத்தவர் வயலுக்கும், மேல் ஏரியின் கலங்கல் நீர் கீழ் ஏரிக்கும் செல்வது இவ்வட்டாரத்தின் இயல்பு. ஆதலின் ஒருவர் செய்யும் பிழை ஊராரின் நட்டமாகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்தைக் குறித்த இவ்வூருக்கு, நீர் பொதுச்சொத்து என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கிராம அலுவலர்கள் ஊருக்கொரு கைக்கண்ணாடியும் தட்டும் வாங்கிப் பொதுவில் வைத்தல் வேண்டும். மருந்துக் குப்பியைத் திறக்குமுன் கால்களை எண்ணிப் பார்ப்பதே குடியானவருக்கு அழகு.