களவெற்றியும் முடிவான போரும்

போர்களைப் பற்றிப் பேசப் புகுவோர் 'தீர்மானகரமான போர்' என்னும் சொல்லை மிக மலிவாகக் கையாளுகின்றனர். களத்தில் எவர் நின்றார், எவர் பின்வாங்கினார் என்பதைக் கண்டதுமே தீர்ப்பளித்து விடுகின்றனர். ஆங்கிலேயரான மாலிசன் இந்தியாவின் தீர்மானகரமான போர்களைப் பற்றி 1883இல் ஒரு நூலே எழுதினார். அவருக்கு மறுமொழி கூற வந்த நம்மவரோ, ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் வென்ற களங்களை மட்டும் எண்ணிப் பெருமிதம் கொள்கின்றனர். தட்டு மாறியதே தவிரத் தராசு மாறவில்லை. அந்தத் தராசே பழுதானது என்பது நம் வாதம். சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாறே போதும்.

1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஸ்மித் ஹைதரை வென்றார். மறு ஆண்டு கர்னல் உட் சேலம், ஆத்தூர், நாமக்கல் கோட்டைகளைக் கைப்பற்றினார். ஏட்டளவில் கும்பினிக்கு எங்கும் வெற்றி. விளைந்தது என்ன? கோட்டைதோறும் சிறு காவற்படையை விட்டுச் சென்றதால் கும்பினியின் வலிமை சிதறியது. அவ்வாண்டின் இறுதியில் ஹைதர் மலையிறங்கி வந்து, இழந்தவற்றைச் சில வாரங்களில் மீட்டார். 1769 மார்ச்சில் குதிரைப்படையுடன் சென்னையின் வாயிலில் நின்றார். ஏப்ரலில் கும்பினி உடன்படிக்கைக்கு இணங்கியது. களத்தில் பின்வாங்கியவரே போரை முடித்து வைத்தார்!

அடுத்த போரைப் பாருங்கள். 1780 செப்டம்பர் 10இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது; இதை நம்மவர் கொண்டாடுவர். 1781 ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் அயர் கூட் வென்றார். இதை மாலிசன் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். அவ்வெற்றியால் கும்பினி தப்பிப் பிழைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. தப்பிப் பிழைத்தல் வேறு, முடிவு செய்தல் வேறு அன்றோ! போர் மேலும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1784இல் மங்களூர் உடன்படிக்கைப்படி இரு தரப்பும் கைப்பற்றிய இடங்களைத் திருப்பியளித்தன. அவ்விரு களங்களும் எதைத் தீர்மானித்தன?

இனி மூன்றாம் போர். 1790 நவம்பரில் ஜெனரல் மெடோஸின் படையைத் தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் ஏமாற்றிவிட்டுத் திப்பு காவிரியை நோக்கி இறங்கினார். 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே களத்தில் வென்றார். ஆனால் தானியமும் இழுவை மாடுகளும் இன்றி, தம் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மேல்கோட்டையைத் தாக்கிய மாக்ஸ்வெல் தோற்றுப் பின்வாங்கினார். எனினும் அந்தக் கிருஷ்ணகிரியும் சேலமும் நாமக்கல்லும் சங்ககிரியும் 1792 மார்ச்சில் ஒரே உடன்படிக்கையால் கும்பினிக்குச் சென்றன. திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் அளிக்க நேர்ந்தது; இரு மைந்தரும் பணயமாக அனுப்பப்பட்டனர்.

1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிகழ்ந்த இரவுத் தாக்குதலன்றோ இதற்குக் காரணம் என்று சிலர் வினவலாம். அத்தாக்குதலின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அன்றும் கோட்டை விழவில்லை. முந்தைய ஆண்டு பசியால் திரும்பிய படை இவ்வாண்டு நிலைத்து நின்றது எதனால்? நிஜாமும் மராட்டியரும் உடன் நின்றனர். பொதிமாட்டு வணிகரான லம்பாடியர் தானியம் கொண்டுவந்து குவித்தனர். வாள் ஓர் இரவில் செய்ததைத் தானிய மூட்டையும் கூட்டணியும் தாங்கி நின்றன.

அரபு மொழியில் வெற்றியைக் குறிக்கும் 'ஃபத்ஹ்' என்னும் சொல்லுக்குத் 'திறப்பு' என்பதே வேர்ப்பொருள். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் போர் நிகழவில்லை. அங்கு ஏற்ற நிபந்தனைகள் பலருக்குக் கசந்தன. ஆயினும் அல்-ஃபத்ஹ் அத்தியாயம் அந்நிகழ்ச்சியை ஒட்டியே அருளப்பெற்றது. ஹிஜ்ரி 8இல் மக்கா திறந்தது. எதைத் திறந்தது, எதை அடைத்தது என்பதே போரை அளக்கும் கோலாகும்.

அக்கோலால் அளந்தால், நம் சமவெளிக்கு முடிவானது 1792தான். அதன்பின் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி விதித்தனர். பிற்காலத்து ரயத்துவாரி முறை இங்குதான் முளைவிட்டது. பாதி நாட்டின் வருவாயை இழந்த திப்பு, 1799இல் மீண்டும் போர் மூண்ட சில மாதங்களுக்குள், மே 4 அன்று ஷஹீதானார்.

சங்ககிரிக்கும் நாமக்கல் மலைக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். 'இங்கு வென்றவர் யார்?' என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர். 'அதன்பின் இந்நிலத்தின் வரியை யார் வாங்கினார்?' என்றும் கேளுங்கள். முன்னோரின் வீரத்துக்கு இதனால் இழுக்கு நேராது. அவர்கள் எதை இழந்தனர், ஏன் இழந்தனர் என்பதை நம் பிள்ளைகள் இவ்வழியாகவே அறிவர்.