தகர டப்பா ஆன்டெனா

வைஃபை அலையை ஒரே திசையில் குவிக்க, ஒரு பக்கம் திறந்த தகர டப்பா, துண்டு செப்புக் கம்பி, ஒரு கனெக்டர் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 12.3 செ.மீ.; அதில் கால் பங்கான 31 மி.மீ. கம்பி டப்பாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பலர் சறுக்குவது இந்தக் கம்பியைச் செருகத் துளையிடும் இடத்தில்தான். டப்பாவுக்குள் அலை நீண்டுவிடும். வெளியில் உள்ள அலைநீளத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. 9 செ.மீ. விட்டமுள்ள டப்பாவில் மூடிய அடிப்புறத்திலிருந்து சுமார் 51 மி.மீ. தள்ளித் துளையிடுவதே சரி. விட்டம் 7.2 செ.மீ.க்குக் கீழே போனால் அலை உள்ளே பரவாது. சோதிக்காத ஆன்டெனாவை நம்புவதில் பயனில்லை. ரவுட்டரும் தூரமும் மாறாமல், பழைய ஆன்டெனாவையும் இதையும் மாறி மாறிப் பொருத்தி சிக்னல் அளவை அளக்க வேண்டும். 3 டெசிபல் கூடினால் கிடைக்கும் திறன் இருமடங்கு. டப்பாவைக் கால் சுற்று உருட்டியதும் அளவு ஏறினால், கம்பி முன்பு ரவுட்டர் ஆன்டெனாவுக்கு இணையாக இருக்கவில்லை என்று பொருள்.