கான்ஃபெடரேட் கொடி: பெருமையா, வெறுப்பா? ஒரு கல்லூரி ஊர் சொல்லும் பதில்

அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் படிக்கவோ வேலைக்கோ போன நம்மூர்க்காரர்கள் பலரும் அந்தக் கொடியைப் பார்த்திருப்பார்கள். சிவப்புத் துணி, அதன் மேல் நீல நிறத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்குள் 13 வெள்ளை நட்சத்திரங்கள். பிக்கப் டிரக்கின் பின்னால், வீட்டு வாசலில், டி-ஷர்ட்டில் என எங்கே வேண்டுமானாலும் கண்ணில் படும். "இது எங்க ஊர் பெருமை" என்பார் ஒருவர். "இதைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது" என்பார் இன்னொருவர். ரெண்டு பேருமே அதே ஊர்க்காரர்கள்தான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கொடி பற்றிய சண்டை எப்போது வந்தாலும், கூடவே இன்னொரு சண்டையும் வரும். "தெற்கத்திக்காரங்க எல்லாருமே இப்படித்தான்" என்று வடக்கிலிருந்து ஒரு குரல். "எங்களை முட்டாள்னு நினைக்கிறீங்களா?" என்று தெற்கிலிருந்து பதில். இந்த இரண்டு சண்டைகளையும் சேர்த்துப் புரிந்துகொள்ள, மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரைப் பார்த்தால் போதும். எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் வாழ்ந்த ஊர். 'ஓல் மிஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்.

(இங்கே 'தெற்கு' என்பது தென் அமெரிக்கக் கண்டம் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களைத்தான் குறிக்கிறது.)

முதலில், இது என்ன கொடி?

1860-61ல் 11 தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்து, 'கான்ஃபெடரசி' என்ற தனிக் கூட்டமைப்பை உருவாக்கின. நான்கு ஆண்டு உள்நாட்டுப் போர் நடந்தது. 1865ல் தெற்கு தோற்றது. இன்று நாம் பார்க்கும் கொடி, அந்தக் கூட்டமைப்பின் முதல் தேசியக் கொடி அல்ல. ஜெனரல் ராபர்ட் ஈ. லீயின் படை போர்க்களத்தில் பிடித்த கொடியிலிருந்து வந்தது.

"போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காக நடந்தது" என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. பதிலை மிசிசிப்பியே எழுதி வைத்திருக்கிறது. 1861ல் தான் ஏன் பிரிகிறோம் என்று அந்த மாநிலம் வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே, எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் சொல்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் ஆற்றிய உரையும் இதையே சொன்னது. வெள்ளையரும் கறுப்பரும் சமம் இல்லை என்பதுதான் தங்கள் அரசின் அஸ்திவாரம் என்றார் அவர்.

சாதாரணச் சிப்பாய்களில் பலரிடம் சொந்தமாக அடிமைகள் இல்லை என்பதும் உண்மை. என் கொள்ளுத்தாத்தா ஏழை விவசாயி, அவர் நினைவாகத்தான் கொடி வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது பொய் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால், அந்தத் தாத்தாவின் கையில் இருந்த கொடி 1865க்குப் பிறகு எங்கெல்லாம் போனது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கல்லூரிக்குள் எப்படி வந்தது?

போர் முடிந்த பிறகு, நினைவு நிகழ்ச்சிகள், முன்னாள் சிப்பாய்களின் கூட்டங்கள் என்ற வட்டத்துக்குள்தான் இந்தக் கொடி பெரும்பாலும் இருந்தது. 1948ல் கதை மாறியது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் திட்டங்களை அதிபர் ட்ரூமன் முன்வைத்தார். அதை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் தலைமையில் தென் மாநிலத் தலைவர்கள் கட்சியை உடைத்துக்கொண்டு வந்தார்கள். இந்த 'டிக்ஸிகிராட்' கூட்டங்களில் கொடி பறந்தது. அதே காலகட்டத்தில்தான் ஓல் மிஸ் கால்பந்து மைதானத்திலும் கொடிகள் குவிய ஆரம்பித்தன. அணியின் பெயரே 'ரெபெல்ஸ்', அதாவது கலகக்காரர்கள்.

1962ல் அது உச்சத்துக்குப் போனது. ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞரைச் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. முடியாது என்றார் ஆளுநர் ராஸ் பார்னெட். செப்டம்பர் 29 அன்று, ஜாக்சன் நகரில் நடந்த ஓல் மிஸ் ஆட்டத்தின் இடைவேளையில் அவர் மைக் பிடித்தபோது, மைதானம் முழுக்க இந்தக் கொடிகள் அசைந்தன. மறுநாள் இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் உட்பட இரண்டு பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்களை அதிபர் கென்னடி அனுப்பிய பிறகுதான் ஒரு மாணவரால் வகுப்புக்குப் போக முடிந்தது.

'இது வெறும் விளையாட்டுக் கொடி' என்ற வாதம் நிற்காமல் போவது இந்த இடத்தில்தான். விளையாட்டு மைதானத்துக்கும் கலவரத்துக்கும் இடையே அங்கே ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

யார் இறக்கினார்கள்?

வடக்கிலிருந்து யாரோ வந்து இறக்கினார்கள் என்று நினைத்தால், அது தப்பு.

1982ல் ஜான் ஹாக்கின்ஸ், ஓல் மிஸ்ஸின் முதல் கறுப்பின சியர்லீடர் ஆனார். மைதானத்துக்குள் கொடியை ஏந்தி ஓடுவது அந்தப் பொறுப்பின் ஒரு பகுதி. ஏந்த மாட்டேன் என்றார். வளாகத்தில் பதற்றம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு, இனி கொடியை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

ஆனாலும் ரசிகர்கள் கொண்டுவருவது நிற்கவில்லை. கறுப்பின வீரர்களை அணிக்கு அழைத்துவர முடியவில்லை என்று 1990களில் பயிற்சியாளர் டாமி டியூபர்வில் புலம்பினார். 1997ல் நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது. கொடியைத் தடை செய்யவில்லை, குச்சியைத் தடை செய்தது! பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி, மைதானத்துக்குள் குச்சியோ குடையோ கொண்டுவரக் கூடாது என்றார்கள். குச்சி இல்லாமல் கொடியை எப்படி ஆட்டுவது? வழக்கு போட்டார்கள். தடை நின்றது.

அடுத்தது, மாநிலக் கொடி. மிசிசிப்பியின் கொடியிலேயே 1894 முதல் ஒரு மூலையில் கான்ஃபெடரேட் சின்னம் இருந்தது. 2015 அக்டோபரில் மாணவர் செனட் 33-15 என்ற வாக்குக் கணக்கில், அதை வளாகத்திலிருந்து இறக்கச் சொன்னது. சில நாட்களிலேயே கொடி இறங்கியது. 2016ல் இசைக்குழு 'டிக்ஸி' பாடலை வாசிப்பதை நிறுத்தியது. 2019 பிப்ரவரியில் கான்ஃபெடரேட் ஆதரவுக் குழுக்கள் வளாகத்துக்கு ஊர்வலம் வந்த அன்று, எட்டு கூடைப்பந்து வீரர்கள் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார்கள். 2020 ஜூலையில், 1906ல் வைக்கப்பட்ட கான்ஃபெடரேட் சிப்பாய் சிலை வளாகத்தின் மையத்திலிருந்து கல்லறைப் பக்கம் நகர்த்தப்பட்டது.

மாநில அளவிலும் இதே கதைதான். 2001ல் பொது வாக்கெடுப்பில் பழைய கொடியே இருக்கட்டும் என்று கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். 2020 ஜூனில், கொடியை மாற்றாவிட்டால் மிசிசிப்பிக்காக இனி ஆட மாட்டேன் என்றார் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக வீரர் கைலின் ஹில். அந்த மண்ணிலேயே பிறந்தவர் அவர். மாநிலத்தின் பாப்டிஸ்ட் திருச்சபை அமைப்பும் மாற்றச் சொன்னது. போட்டிகள் இங்கே நடக்காது என்று விளையாட்டு அமைப்புகளும் எச்சரித்தன. சட்டமன்றத்தின் ஒரு அவையில் 91-23, இன்னொன்றில் 37-14. 126 ஆண்டுக் கொடி போனது. நவம்பரில் மக்னோலியா பூ போட்ட புதிய கொடிக்கு 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் 'சரி' சொன்னார்கள்.

'தெற்கு என்றாலே இனவெறி' சரியா?

இல்லை. அப்படிச் சொல்வது வடக்குக்கு ரொம்ப வசதியான பொய்.

தெற்கத்திய உச்சரிப்பில் பேசினாலே படிக்காதவர், முரடர், இனவெறியர் என்று காட்டுவது ஹாலிவுட்டின் பழைய பழக்கம். 'ரெட்நெக்' என்ற கேலிச் சொல்லே, வெயிலில் குனிந்து உழைத்துக் கழுத்து சிவந்துபோன ஏழையைப் பழிப்பதுதான். இந்தக் கேலியின் நிழலில் வடக்கு தன் பங்கை மறைத்துக்கொள்கிறது. 1966ல் சிகாகோவில் வீட்டுரிமைப் பேரணி போன மார்ட்டின் லூதர் கிங் மேல் கல் விழுந்தது. இவ்வளவு வெறுப்பை மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூடப் பார்த்ததில்லை என்றார் அவர். 1974ல் கறுப்பின மாணவர்களை ஏற்றி வந்த பள்ளிப் பேருந்துகள் மேல் பாஸ்டனில் கல்லெறிந்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை மிக அதிகமாக உள்ள மாநிலம் நியூயார்க் என்றது 2014ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கான்ஃபெடரேட் கொடியைத் தூக்கிப் போனவர், கூட்டமைப்பில் சேரவே சேராத டெலவேர் மாநிலத்துக்காரர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாழ்வது தெற்கில்தான். மிசிசிப்பியில் 100 பேரில் சுமார் 38 பேர் கறுப்பினத்தவர். எந்த மாநிலத்திலும் இவ்வளவு பங்கு இல்லை. அப்படியானால் 'தெற்கத்திக்காரர்' யார்? கொடியைத் தூக்கி 'இதுதான் தெற்கு' என்பவரும், தெற்கைக் கேலி செய்து 'இவங்க எல்லாம் இனவெறியர்கள்' என்பவரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். இரண்டு பேர் மனதிலும் தெற்கத்திக்காரர் என்றால் வெள்ளையர். மெரிடித்தும் ஹாக்கின்ஸும் ஹில்லும் அந்தப் படத்திலேயே இல்லை.

கேலி, கொடிக்கு உரமாகவும் ஆகிறது. வெளியூர்க்காரர் சிரிக்கச் சிரிக்க, 'உனக்குப் பிடிக்கலையா, அப்போ இன்னும் பெரிசா கட்டுறேன்' என்ற வீம்பு வளர்கிறது.

அப்படியானால் தடை செய்துவிடலாமா?

அமெரிக்கச் சட்டம் இங்கே தெளிவாக ஒரு கோடு போடுகிறது. தனிநபர் தன் வீட்டில், வண்டியில் கொடி வைப்பது பேச்சுரிமை. அரசுப் பல்கலைக்கழகம்கூட ஒரு மாணவரின் டி-ஷர்ட்டை அவ்வளவு சுலபமாகத் தடுக்க முடியாது. ஆனால், அரசு எந்தச் சின்னத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்பது அரசின் பேச்சு. வாகன நம்பர் பிளேட்டில் கான்ஃபெடரேட் சின்னம் போட மறுத்தது டெக்சஸ். அது சரியே என்று 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய நாள் இரவுதான், இந்தக் கொடியோடு படம் எடுத்துக்கொண்ட ஒரு வெள்ளை இளைஞன், சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றிருந்தான்.

இந்தக் கோடு நியாயமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. கொடிக்கம்பம் எல்லோருடைய வரிப்பணத்திலும் நிற்பது. அதன் கீழே நடந்து வகுப்புக்குப் போகும் ஒரு மாணவியின் முன்னோரை விற்று வாங்கிய அரசின் சின்னம் அங்கே பறக்கக் கூடாது. தனிநபர் வீட்டு வாசலில் பறந்தால் போலீஸை அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. அங்கே வேலை செய்ய வேண்டியது பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, 'இதைப் பார்க்கும்போது எனக்கு என்ன ஆகுது தெரியுமா?' என்று சொல்லும் பேச்சு.

ஆக்ஸ்ஃபோர்டு முழுசாகத் திருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. 'ஓல் மிஸ்' என்பதே, பண்ணை எஜமானியை அடிமைகள் அழைத்த சொல்லிலிருந்து வந்த பெயர். அது இன்னும் இருக்கிறது. 'ரெபெல்ஸ்' இருக்கிறது. 2024 மே மாதம் காசா போராட்டத்தில் கலந்துகொண்ட கறுப்பின மாணவி ஒருவரைப் பார்த்து ஒரு மாணவர் குரங்கு போல் சத்தம் எழுப்பினார். பல்கலைக்கழகம் விசாரணையைத் தொடங்கியது.

ஆனால், 1982ல் ஒரே ஒரு மாணவர் 'ஏந்த மாட்டேன்' என்று சொன்னதிலிருந்து, 2020ல் மாநிலமே கொடியை மாற்றும் வரை 38 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த நீண்ட வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அந்த ஊரின் மாணவர்கள், ஆட்டக்காரர்கள், சபைக்காரர்கள். தெற்கின் பெருமை என்று எதையாவது காட்டச் சொன்னால், அவர்களைக் காட்டலாம்.